மலையில் நிற்கும் சாரணியரையும் கூப்பிடுங்கள்

லிந்துலையிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழும் முன்னாள் சாரணியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாரே, தங்கைமாரே,

பெப்ரவரி 22ஆம் திகதி சிந்தனை தினத்துக்கு நம் முன்னாள் சாரணியர் வட்டம் கூட இருக்கிறது. யார் யாரைக் கூப்பிடுவது, மண்டபத்துக்கு யாரிடம் பேசுவது, பிரதம விருந்தினர் யார் என்ற பேச்சு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. பெயர்ப் பட்டியல் முடிவாகும் முன்னால் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன். பட்டியலில் இல்லாத பெயர்களைப் பற்றித்தான் நான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

நம் கூட்டத்துக்கு வருகிறவர்களை ஒருமுறை மனத்தில் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஆசிரியைகள் அதிகம். அடுத்துத் தாதிமார், நகர சபையிலும் தபாலகத்திலும் வங்கியிலும் வேலை பார்ப்பவர்கள், தலவாக்கலையில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்கள், முன்பள்ளி நடத்தும் இரண்டொருவர். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் பாடசாலை மைதானத்தில் குதிரை லாட வடிவில் நாம் நின்றபோது நம் பக்கத்தில் நின்றவர்கள் இவர்கள் மட்டும்தானா? கொடி ஏற்றும் கயிற்றை முடிச்சுப் பிசகாமல் கட்டியவள் எங்கே? பாசறைத் தீயைச் சுற்றி முதற்பாட்டை எடுத்துக் கொடுத்தவள் எங்கே? சாதாரண தரப் பரீட்சை எழுதியதும், சிலர் அதற்கு முன்பேயும், படிப்பை நிறுத்திக்கொண்டு கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி மலைக்குப் போனார்கள். சிலர் கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போனார்கள். சிலர் குவைத்திலும் சவூதியிலும் இருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போலவே மூன்று விரலை உயர்த்தி வாக்குறுதி எடுத்தவர்கள்தான். அந்த வாக்குறுதியில் வேலை போனால், படிப்பு நின்றால் செல்லாது என்று எந்த நிபந்தனையும் கிடையாது.

அவர்களை யாரும் தடுக்கவில்லையே, வரவேண்டாமென்று யாரும் சொல்லவில்லையே என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் கூட்டம் நடக்கும் முறையே அதைச் சொல்லிவிடுகிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறோம். அந்த நேரத்தில் கொழுந்து பறிக்கும் பெண் மலையில் நிற்பாள்; முதல் நிறுவைகூட முடிந்திருக்காது. அவள் நம்மிடம் வர வேண்டுமானால் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழக்க வேண்டும். தலவாக்கலை நகரத்தில் கூடுகிறோம். மேற்பிரிவுத் தோட்டத்திலிருந்து அவள் கால்நடையாக இறங்கி, பஸ் பிடித்து, அல்லது ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வர வேண்டும். திரும்பிப் போவதற்குள் பிள்ளைக் காம்பரா மூடிவிடும். அழைப்பை வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அவள் வீட்டில் ஒரு போன்தான் இருக்கும், அது மகனின் கையில் இருக்கும். போன ஆண்டு எல்லாரும் ஒரே நிறச் சேலை உடுத்தி வர வேண்டுமென்று முடிவெடுத்தோம். படங்கள் அழகாகத்தான் இருந்தன. அந்தச் சேலைக் காசு ஒரு லயத்து வீட்டில் எத்தனை நாள் அரிசியும் மாவும் என்று நாம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

சிந்தனை தினத்தில் உலகெங்கும் சாரணியர் காணிக்கை கொடுக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ரொபர்ட் பேடன் பவலும் ஒலேவ் பேடன் பவலும் பிறந்த அந்த ஒரே திகதியை 1926இல் அமெரிக்காவில் கூடிய உலக மாநாடு தேர்ந்தெடுத்தது. 1932இல் போலந்தில் கூடியபோது, பிறந்தநாள் என்றால் ஒரு பரிசும் வேண்டுமே என்ற யோசனை வந்தது; அதிலிருந்து, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்ற அழைப்பு பிறந்தது. ஒரு பென்னிதான். எந்த வீட்டுப் பிள்ளையாலும் கொடுக்க முடிகிற தொகை. அந்த நாளையே நாம் சேலை வாங்க முடிந்தவர்களின் விழாவாக மாற்றிவிட்டோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். கொழுந்து பறிக்கும் ஒரு பெண், பாடசாலை நாட்களில் அணித்தலைவியாக இருந்தவள், பழைய தோழி ஒருத்தி சொன்னதைக் கேட்டு ஒரு தடவை நம் கூட்டத்துக்கு வந்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்து, தேநீர் பரிமாற யாரோ உதவிக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பின்பக்கம் போகச் சொன்னார்கள். அவளும் மறுபேச்சுப் பேசாமல் போய், கோப்பைகளைக் கழுவி அடுக்கி, எல்லாருக்கும் தேநீர் கொடுத்துவிட்டு, தன் பெயரைச் சொல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டாள். சொன்னவர் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. சேலையையும் கையின் காய்ப்பையும் பார்த்த மாத்திரத்தில் இவள் நம்மில் ஒருத்தி இல்லை என்று நம் கண் தானாகவே தீர்மானித்துவிடுகிறது. சாரணி அனைவருக்கும் தோழி, மற்றச் சாரணியர் ஒவ்வொருவருக்கும் சகோதரி என்று பேடன் பவல் எழுதிய சட்டங்களில் நான்காவதாக வருகிறதே, அதைச் சிறுமிகளாக இருந்தபோது மனப்பாடம் செய்தவர்கள் நாம்.

நம் இயக்கம் எப்படித் தொடங்கியது என்பதையும் நினைவுபடுத்துகிறேன். 1909 செப்டெம்பர் 4ஆம் திகதி லண்டன் கிறிஸ்டல் பெலஸில் சாரணர்களின் பெரிய அணிவகுப்பு. அது பையன்களுக்காகக் கூட்டப்பட்டது. சில சிறுமிகள் தாங்களே ஒப்பேற்றிய சீருடையோடு வந்து, நாங்களும் சாரணர்தான் என்று நின்றார்கள். அவர்கள் அப்படி வந்து நின்றதால்தான் அடுத்த ஆண்டு, அக்னஸ் பேடன் பவலின் பொறுப்பில், பெண்களுக்கென்று தனி இயக்கம் உருவாயிற்று. அது ஏழே ஆண்டுகளில் நம் மலைகளை எட்டிவிட்டது. 1917 மார்ச் 21ஆம் திகதி கண்டி பெண்கள் உயர்தரப் பாடசாலையில்தான் இலங்கையின் முதல் சாரணியர் குழு தொடங்கியது. கொழும்புக்குக்கூடப் பிறகுதான் போனது. கூப்பிடாமலே வந்த பிள்ளைகள் தொடங்கிய இயக்கம் இது. கூப்பிட்டால் மட்டும் வரலாம், அதுவும் இன்னார் மட்டும் வரலாம் என்று வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

வளர்ந்த பிறகும் சாரணியர் கூடி இருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது வலுப்பெற்றது என்பதும் கவனிக்க வேண்டியது. பிரித்தானியாவில் முன்னாள் சாரணியருக்கான ட்ரெஃபோயில் கில்ட் 1943இல், போர் உச்சத்தில் இருந்தபோது அமைந்தது. உலக அளவில் முன்னாள் சாரணர், சாரணியர் தோழமை 1953 ஒக்டோபர் 25ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் லுசேர்ன் நகரத்தில் தோன்றியது. ஒரு போர் நடந்துகொண்டிருந்தபோது ஒன்று, அந்தப் போரின் புண் ஆறாதபோது மற்றது. ஊர் இடிந்து, ஆள் குறைந்து, பசி மிஞ்சியிருந்த காலத்தில், சிறு வயதில் கற்றதை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் துணை நிற்கலாம் என்று அவர்கள் எண்ணினார்கள். வசதி வந்த பிறகு பொழுதைக் கழிக்க உண்டான ஏற்பாடல்ல அது.

இதை வைத்துக்கொண்டு, இனிக் கூடிச் சிரிக்காதீர்கள், பாடாதீர்கள், சேவை மட்டும் செய்யுங்கள் என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். எனக்கு நேர்மாறான எண்ணம். நம் வட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது அந்தச் சிரிப்புத்தான். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போன நாளில் ஐம்பது வயதுக்காரிகள் பஸ்ஸில் பாட்டுப் பாடி ஆடியதை நான் மறக்க மாட்டேன். கணவனை இழந்த ஒருத்தியை மூன்று மாதம் முறை வைத்துப் போய்ப் பார்த்தீர்கள். புற்றுநோய்க்கு மஹரகமைக்குப் போக வேண்டியிருந்தவளோடு துணைக்குப் போனீர்கள். ஒரு பெண்ணுக்கு மகள், மனைவி, தாய், மாமி என்ற முறைகளுக்கு வெளியே, தன் பெயரால் மட்டும் தன்னைத் தெரிந்த பத்துப் பேர் இருப்பது பெரிய பாக்கியம். அந்தப் பாக்கியம் யாருக்கு அதிகம் தேவை என்பதுதான் என் கேள்வி. விடியற்காலை எழுந்து ரொட்டி தட்டி, பெரட்டுக்குப் போய், நாள் முழுதும் அட்டைக்கும் மழைக்கும் நடுவில் நின்று, அந்தியில் வந்து விறகு தேடி, தண்ணீர் பிடித்து, பிறகும் குடித்துவிட்டு வருகிறவனின் சத்தத்தைக் கேட்கும் பெண்ணுக்கு ஞாயிறு பின்னேரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சிரிக்க ஓர் இடம் உண்டா? கோவிலில் திருவிழா இருக்கிறது, தேவாலயத்தில் பூசை இருக்கிறது, தொழிற்சங்கத்துக்கு மாதர் அணி இருக்கிறது. அங்கெல்லாம் அவள் சொல்வதைவிடக் கேட்பதே அதிகம். ஒரு காலத்தில் ஆறேழு பேருக்குத் தலைவியாக நின்று, யார் தண்ணீர் கொண்டுவருவது, யார் கூடாரத்துக்கு முளை அடிப்பது என்று தீர்மானித்தவள் அவள். அந்த நினைவு அவளிடம் இன்னும் இருக்கிறது. அதைத் தட்டி எழுப்பத்தான் ஆள் இல்லை.

மூத்த அக்காமாருக்கு இன்னொன்று. நாட்டுக்குக் கடமை செய்வேன் என்று நீங்கள் வாக்குறுதி எடுத்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரான நம் மக்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் நம் குடும்பங்களை இங்கே கொஞ்சம், இந்தியாவில் கொஞ்சம் என்று பிரித்தது. நாடற்றவர் என்று எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இலும் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. தன்னைத் தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளாத நாட்டுக்குக் கடமை செய்வேன் என்று சொன்ன வீடுகளின் பெண்கள் நாம். புறம்பாக நிறுத்தப்படுவது எப்படி வலிக்கும் என்பதை நமக்கு வேறு யாரும் விளக்கத் தேவையில்லை. அதே வலியை நம்மவளுக்கே ஏன் கொடுக்கிறோம்?

இனி, மலையில் நிற்கும் நம் சாரணியர் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். அவர்களுக்கு மட்டும் நன்மை என்று நினைத்து இரக்கத்தில் கூப்பிட்டால் அந்த அழைப்பே வேண்டாம். அவர்கள் இல்லாமல் நம் வட்டம் எதற்கும் உதவாது என்பதே என் வாதம்.

குளவியை எடுத்துக்கொள்ளுங்கள். குளவி கொட்டித் தோட்டப் பெண்கள் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட செய்தி இல்லாமல் ஒரு மாதம் நம் பத்திரிகைகளில் போவதில்லை. உயிர் போன செய்திகளும் வருகின்றன. நம்மில் எத்தனை பேர் முதலுதவிச் சின்னம் வாங்கியவர்கள்! குளவிக் கூட்டம் கலைந்து வந்தவுடன் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு விலக வேண்டும். கொட்டிய கையில் வீக்கம் ஏறும் முன்னே வளையலையும் மோதிரத்தையும் கழற்ற வேண்டும். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ தலை சுற்றினாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் 1990க்கு அழைத்து வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். இது நமக்குத் தெரியும். ஆனால் குளவி வரும்போது நாம் வகுப்பறையில் இருக்கிறோம். மலையில் நிற்பவள் கொழுந்து பறிக்கும் நம் தோழிதான். அவளுக்கு இதை மறுபடி நினைவூட்டி, அவளோடு ஒரே நிரையில் பறிக்கும் இருபது பேருக்கு அவள் சொல்லிக் கொடுத்தால் போதும். தோட்டத்து டிஸ்பென்சரி எட்டும் முன் கழியும் அந்த அரைமணி நேரத்துக்கு வேறு யார் பொறுப்பு?

லயத்தில் தீப்பிடிப்பதும் அப்படித்தான். பழைய மின்கம்பியில் தொடங்கும் தீ ஒரே கூரையின் கீழ் இருக்கும் பத்துப் பன்னிரண்டு வீடுகளையும் கொண்டுபோகிறது. தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பாடசாலைப் புத்தகம் எதுவும் மிஞ்சுவதில்லை. பத்திரங்களை ஒரு பையில் போட்டுக் கதவருகே தொங்கவிடு, எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்று தெரிந்து வை, யார் யாரைத் தூக்குவது என்று முன்கூட்டியே பேசி வை என்பதெல்லாம் முகாமில் நாம் பழகிய சாதாரண ஒழுங்குகள்.

எல்லாவற்றிலும் பெரியது மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அதைக் கேட்டு நாம் அழுதோம், அரிசியும் துணியும் சேர்த்து அனுப்பினோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது அந்த மண்சரிவு நம் மாவட்டத்துக்கே வந்துவிட்டது. நாடு முழுதும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மிக மோசமாக அடிபட்டன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அந்த நாட்களில் எழுந்தது. அது நியாயமான முறைப்பாடு. தொடர்ந்து கேட்கப்பட வேண்டியதும்கூட. ஆனால் அரசாங்கம் திருந்தும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் கணக்கை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். மூன்றே எண்கள். இதை அளக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை, ஒரு மழைமானி போதும். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் நம் பக்கத்திலேயே, தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. அங்கேயும் தோட்டத்து அலுவலகங்களிலும் காலங்காலமாக மழையை அளந்து புத்தகத்தில் எழுதி வருகிறார்கள். அது தேயிலைக்காக அளக்கப்படுகிற மழை. எப்போது உரம் போடலாம், எப்போது மருந்து அடிக்கலாம் என்று பார்ப்பதற்காக எழுதப்படுகிற எண். அதே மழையில் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த எண் போய்ச் சேருவதில்லை. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் மழைமானி பார்க்கத் தெரிந்த இரண்டு பெண்கள் இருந்து, இரவு படுக்கும் முன் அன்றைய அளவைப் பார்த்து, நூறு தாண்டிவிட்டது என்று லயம் லயமாகச் சொல்லிவிட்டால் எத்தனை பிள்ளைகள் பிழைக்கும்! நிலத்தில் புதிதாக வெடிப்பு விடுவதையும், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவதையும், கதவு சட்டத்தில் இறுகுவதையும், மரம் சாய்வதையும் முதலில் காண்பவளும் அங்கே குடியிருப்பவள்தான். நகரத்தில் கூடும் நாம் அவளிடமிருந்துதான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 117க்கு அழைத்து இன்ன இடம், இன்ன பிரிவு, இத்தனை வீடு என்று தெளிவாகச் சொல்ல நாம் பழக்கலாம். சிங்களத்தில் பேச வேண்டி வந்தால் அதையும் பழக்கலாம். தயாராயிரு என்பதுதானே நம் குறிக்கோள். நமக்குள் வகுத்துக்கொண்டால் இது ஒரு மாதத்து வேலை.

பாடசாலைப் பக்கமும் ஒரு சொல். சாரணியத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியைக்கு இடமாற்றம் வந்தால் அந்தக் குழுவே அதோடு படுத்துவிடுகிறது. கொடிக்கம்பம் இருக்கும், பழைய கொடி அலுமாரியில் மடித்திருக்கும், பிள்ளைகளும் இருப்பார்கள். நடத்த ஆள் இருக்காது. புதிய ஆசிரியை பயிற்சி முடித்து வரும்வரை, அதிபரின் அனுமதியோடு, வாரத்தில் ஒரு பின்னேரம் போய் முடிச்சும் முதலுதவியும் பாட்டும் சொல்லிக் கொடுக்க நம்மில் யாராவது முன்வரலாம். அதில் தோட்டத்துச் சாரணியும் நிற்க வேண்டும். தன் தாயைப் போல உடுத்திய ஒருத்தி, கொழுந்துக் கறை படிந்த விரலோடு சாரணியர் வணக்கம் செய்வதைப் பார்க்கும் பிள்ளைக்கு, சாரணியம் படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் வராது. சீருடைக்குக் காசில்லாமல் பின்வரிசையில் நிற்கும் பிள்ளையை அவள்தான் முதலில் கண்டுபிடிப்பாள். பெரிய பிள்ளையான பிறகு பாடசாலைக்கு வராமல் போகிறவளின் வீட்டுக்குப் போய்த் தாயோடு பேசவும் அவளால் முடியும். நாம் போனால் நாற்காலி துடைத்துப் போட்டு, நாம் கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவிடுவார்கள்.

மறுப்புகளும் என் காதில் விழுகின்றன. கூப்பிட்டாலும் அவர்கள் வரமாட்டார்கள் என்கிறீர்கள். முதல் தடவை வரமாட்டார்கள்தான். பிறகும் போய்க் கேட்க வேண்டும். ஒருத்தியை அவளோடு ஒரே அணியில் இருந்தவள் நேரில் போய்க் கூப்பிட வேண்டும், அச்சடித்த அழைப்பிதழ் அந்த வேலையைச் செய்யாது. சங்க அரசியல் நுழைந்துவிடும் என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறாய் என்று நாம் யாரையும் கேட்கப் போவதில்லை. மேடையும் மாலையும் பிரதம விருந்தினரும் இல்லாவிட்டால் அரசியல்வாதிக்கு அங்கே வர வேலை இருக்காது. உண்மையைச் சொன்னால் போன இரண்டு கூட்டங்களிலும் பாதி நேரம் மாலை போடுவதிலும் வரவேற்புரையிலும் நன்றியுரையிலும் போனது. நாம் ஒருவரோடொருவர் பேசியது பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான்.

நாம் சிறு கூட்டம், நம்மால் எப்படி முடியும் என்ற கேள்வியே மிஞ்சுகிறது. அதற்கு நம் இயக்கத்திலேயே பதில் இருக்கிறது. ஆறு, ஏழு, எட்டுப் பேர் கொண்ட அணி, அவர்களுக்குள் ஒரு தலைவி. அவ்வளவுதான் ஏற்பாடு. தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், போஷகர் என்று நாம் இப்போது வைத்திருக்கும் பதவிகள் ஓர் அணிக்குத் தேவையே இல்லை. ஒரு தோட்டப் பிரிவுக்கு ஓர் அணி என்று வைத்துப் பாருங்கள். மெராயாப் பக்கம் ஓர் அணி, ராதெல்லப் பக்கம் ஓர் அணி, அக்கரப்பத்தனைப் பாதையில் ஓர் அணி. மூன்றில் தொடங்கினால் போதும். பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் சிங்களச் சாரணியரும் நம் சகோதரிகள்தான். அவர்களில் விருப்பமானவர்கள் வந்து சேரட்டும், மழை அவர்கள் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் சேர்த்துத்தான் பெய்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. இந்த ஆண்டு சிந்தனை தினத்தை நகரத்து மண்டபத்தில் வைக்காதீர்கள். ஏதாவதொரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலோ கோவில் மண்டபத்திலோ பாடசாலையிலோ வையுங்கள். 22ஆம் திகதி வேலைநாளாக இருந்தால் அதற்கு அடுத்த ஞாயிறு பின்னேரம், மதியச் சமையல் முடிந்த பிறகு, இரண்டு மணிக்குக் கூடுங்கள். கொழுந்து அதிகமான காலத்தில் ஞாயிறும் கைக்காசுக்குப் பறிக்கப் போவார்கள், அதையும் விசாரித்துக்கொண்டு நேரத்தை வையுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்ள நம்மில் இருவர் முறை போட்டுக்கொள்ளலாம். சேலை, சந்தா எதுவும் வேண்டாம். கழுத்துப்பட்டி வைத்திருப்பவர்கள் அதைக் கட்டிக்கொண்டு வரட்டும், இல்லாதவர்களுக்கு நாம் தைத்துக் கொடுப்போம். தேநீரை எல்லாரும் சேர்ந்து ஊற்றுவோம்.

அதற்கு முன், இந்த மடலைப் படிக்கும் ஒவ்வொருத்தியும் தன் பழைய அணியில் இருந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். இன்று எங்கே இருக்கிறாள், என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை என்று தெரிந்த அளவுக்கு எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவளின் எண்ணைத் தாயிடம் கேட்டு வாங்கி, ஒரு வெள்ளிக்கிழமை அழைத்துப் பேசுங்கள். அங்கே அவளுக்கும் ஆள் வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவளை இந்த மாதத்துக்குள் நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது முதலுதவிப் புத்தகத்தையும் அந்த மூன்று மழை எண்களையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவளிடம் அணித் தலைவியாக வருவாயா என்று கேளுங்கள். நம் வட்டத்தில் அவளை முதல் முதல் கூப்பிடும் பெயர் அதுவாக இருக்கட்டும்.

தேநீர் ஊற்றிவிட்டுப் போன அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நான் போகிறேன். வரும் ஞாயிறு என்னோடு இருவர் வரவேண்டும். யார் வருகிறீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் அன்புச் சகோதரி,
முன்னாள் சாரணி ஒருத்தி
லிந்துலை